காற்றுக்கும் கணக்கு வேண்டும்

(தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் சாக்கடையைப் பற்றி என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் எழுந்து போய்விட வேண்டாம். இந்த நகரத்தின் சாக்கடையோடு நம் மக்களுக்கு இருக்கிற உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அதன் விஞ்ஞானத்தை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைத்தான் இன்று நாம் பேசுகிறோம்.

2023 ஜனவரியில் மும்பையில் ஏழு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டருக்கு மேல் சுத்தம் செய்ய வேண்டும் என்பது திட்டம். அதில் தாராவிக்கு என்று ஒதுக்கியது ஏறக்குறைய 42 கோடி லிட்டர். நாடு முழுவதும் பார்த்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர்தான். நூற்றுக்கு 28! மீதி எங்கே போகிறது? மித்தி ஆற்றங்கரையில் குடியிருக்கும் நம்மிடம் இதைக் கேட்கவும் வேண்டுமா?

ஆகவே நிலையங்கள் வரத்தான் வேண்டும். அவற்றில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்கப் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். உள்ளே நடப்பது என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தொட்டிக்குள் ஒரு சத்துணவுக் கூடம்

கழிவுநீரைச் சுத்தம் செய்வது மருந்தல்ல, மந்திரமல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். நாம் கழித்த அழுக்குதான் அவற்றுக்கு உணவு. தின்கிற உயிர் மூச்சும் விட வேண்டும் அல்லவா? அதற்குப் பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், வேண்டும். எனவே தொட்டியின் அடியில் துளைத்தட்டுகளைப் பரப்பி, புளோயர் மூலம் காற்றை அடிக்கிறார்கள். அது குமிழி குமிழியாக மேலே வருகிறது.

இந்த முறையை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். நூறு ஆண்டுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்துவிட்ட வித்தை இது!

இதில் செலவு எங்கே இருக்கிறது? காற்றில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையம் தின்கிற மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, பல இடங்களில் பாதிக்கு மேலும், காற்றடிக்கவே போகிறது. இது வரிப்பணம். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் நமக்குத் தெரியும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அந்த நேரத்தில்தான். சில மணி கழித்து அந்தத் தண்ணீர் நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அப்போது நுண்ணுயிர்களுக்கு விருந்து. நள்ளிரவில் அரைப் பட்டினி. ஆனால் புளோயரோ இரவும் பகலும் ஒரே வேகத்தில் ஓடினால் என்ன அர்த்தம்? பத்துப் பேருக்கும் நூறு பேர் சமையல் என்று அர்த்தம்.

அதிகமாக அடித்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். நுண்ணுயிருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் பொதுவாகப் போதும். அதை 4-ஆக வைத்திருக்க ஆசைப்பட்டால், அதே வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று வேண்டும். தண்ணீர் நிறைய நிறைய, மேலும் கரைவது கடினமாகிறது.

தின்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க ஒரு கருவி உண்டு. பல இடங்களில் அதை நம்பித்தான் காற்றைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ஆனால் தாய்மார்களே, பானையில் மிஞ்சிய சோற்றைப் பார்த்து, பிள்ளைகள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? எவ்வளவு வடித்தோம் என்பதும் தெரிய வேண்டும். அந்தக் கருவி காட்டுவது பானையின் மிச்சத்தைத்தான்.

தின்ற கணக்கைக் காட்டுவது தொட்டியிலிருந்து வெளியேறும் வாயு. தண்ணீரின் மேல் ஒரு கூண்டை மிதக்கவிட்டு, குமிழி உடைந்து வரும் வாயுவைப் பிடித்து அளக்கும் முறையை ரெட்மன், பாயில், யூயிங் என்ற மூன்று அமெரிக்கர்கள் 1983-ல் விரிவாக வெளியிட்டார்கள்.

கணக்கு எளிதுதான். உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன், 79 பங்கு நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் வாயுவில் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கிவிட்டு அளந்தால் 19-ம் 81-ம் இருக்கிறது. நைட்ரஜனை யாரும் தொடவில்லை. போனது அப்படியே திரும்பியது. அந்த 79 பங்கு நைட்ரஜனோடு திரும்பிய ஆக்சிஜன் பதினெட்டரைப் பங்குதான் என்று வருகிறது. ஆக 21-ல் இரண்டரைப் பங்கு தண்ணீரில் தங்கியது. நூற்றுக்கு 12. மீதி 88 மேலே போய்விட்டது! அடித்த காற்றின் அளவை இதோடு பெருக்கினால், நுண்ணுயிர்களின் பசி மணிக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். பசிக்குத் தக்கபடி புளோயரை ஓட்டலாம்.

இன்னொரு பயனும் உண்டு. சோப்பு நுரை மிகுந்தால் ஆக்சிஜன் கரைவது குறையும். துளைத்தட்டில் அழுக்கு ஏறினாலும் குறையும். மாதம் மாதம் வாயுவை அளந்து எழுதி வைத்தால், 12 என்பது 10 ஆகி, 8 ஆகிற போதே தட்டைக் கழுவும் நாள் வந்துவிட்டது என்று தெரியும். கூண்டு தொட்டியின் ஒரு மூலையைத்தான் மூடும் என்பதால் பல இடங்களில் நகர்த்தி அளக்க வேண்டும்.

குறைப்பது வேறு, அளந்து கொடுப்பது வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கலாம் என்றதும் முதலாளிக்கு ஆசை வந்துவிடும். ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தின் நிலையத்தில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் வந்து சொன்னார்: "ராத்திரி முழுக்க புளோயரை நிறுத்தச் சொல்றாங்க அண்ணாச்சி. ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் ஓட்டணுமாம். காலையில நாத்தம் தாங்கலேன்னா எங்களைத்தான் திட்டுறாங்க." இதற்குப் பெயர் சிக்கனமா? காற்று நின்றால் சேறு அடியில் படியும், நுண்ணுயிர்கள் மூச்சு முட்டும், அழுகல் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அரைகுறைக் காற்றும் ஆபத்து: அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் தடுமாறி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை விடும். நூறு ஆண்டுக் கணக்கில் அது பூமியைச் சூடாக்குவது, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. அதையும் அதே கூண்டில் அளக்க முடியும். அளந்தால் திருட்டுத்தனம் தெரிந்துவிடும்.

இனி, இந்தக் கூட்டத்தை எதற்காகக் கூட்டினோமோ அதைச் சொல்கிறோம். 19 சதவீதம் என்றோமே, அந்த எண்ணை மனதில் வையுங்கள். எஞ்சினீயருக்கு அது நல்ல செய்தி. நுண்ணுயிர் தின்றிருக்கிறது என்று பொருள். ஆனால் மூடிய இடத்தில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மனிதன் இறங்கக் கூடாது என்பது தொழில் பாதுகாப்பில் கைக்கொள்ளும் அளவு. திறந்த தொட்டியில் காற்று வீசி எல்லாம் கலந்துவிடும். நாற்றம் வெளியே வராதபடி மூடிபோட்ட தொட்டியில்? அங்கே அந்த வாயுதான் தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடோ இன்னும் வஞ்சகமானது. பத்து லட்சத்தில் 100 பங்கு ஆகிவிட்டால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவன் திரும்ப மாட்டான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் திரும்ப மாட்டான்.

மனிதனை மலக்குழியில் இறக்குவதற்கு எதிராக 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. பணம் வேண்டும்தான். ஆனால் மகனையும் கணவனையும் எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

மின்சாரத்தை மிச்சப்படுத்த வாயுவை அளக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதனை மிச்சப்படுத்த அளக்கத் தெரியாதா? ஆகவே நாம் கேட்பது நான்கு. ஒன்று, புதிய நிலையங்களில் வெளியேறும் வாயுவை அளந்து காற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேண்டும். இரண்டு, அந்த எண்களை வாசலில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதிப் போட வேண்டும். மூன்று, ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொருவர் சட்டையிலும் வாயு அளக்கும் கைக்கருவி இருக்க வேண்டும். நான்கு, அது கூவினால் வேலையை நிறுத்த அவனுக்கு உரிமை வேண்டும். அன்றைய கூலியும் வேண்டும்.

இங்கே இருக்கும் தம்பிமார்களே! இந்த வேலைக்குப் போனால் முதல் நாளே கேளுங்கள்: "இன்றைக்கு வாயு அளந்தாச்சா? எவ்வளவு?" பதில் வராவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். நேரே சங்கத்துக்கு வாருங்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.