சின்னம் தெரியும், கொள்கை தெரியுமா?

(செகந்திராபாத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ரயில்வேயில் சம்பளம் வாங்கும் எங்களுக்கு எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க விதி இடம் தரவில்லை. ஆகவே யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த ஊர்க் கட்சிகள் எதற்காக நிற்கின்றன என்று சேர்ந்து பார்க்கவே வந்திருக்கிறோம்.

ஏன் இந்தப் பேச்சு? போன தேர்தலின்போது ஒருவர் நம்மிடம் வந்தார். "உங்கள் ஆட்கள் எத்தனை வீடு? பட்டியல் கொடுங்கள், மொத்தமாகப் பேசி முடித்துவிடலாம்" என்றார். எந்தக் கட்சி என்பது வேண்டாம். அவர் கேட்டதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நம்மில் இரண்டு பேர் அவரை உட்காரவைத்து விலை விசாரித்தார்களே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்! பார்சல் ஆபீசில்கூட மூட்டைக்குள் என்ன சரக்கு என்று எழுதித் தராமல் புக் செய்வதில்லை. நம் ஓட்டு அதைவிடக் கேவலமா?

ஊரில் உதயசூரியன், இரட்டை இலை என்று பழகியவர்கள் நாம். இங்கே கை, கார், தாமரை, பட்டம், கதிர் அரிவாள் என்று நிற்கின்றன. சின்னத்தை மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும். சரித்திரம் தெரியாமல் கொள்கை தெரியாது.

1952-க்குப் போவோம். நிஜாம் காலத்திலிருந்தே முல்கி விதி என்று ஒன்று உண்டு. அரசாங்க வேலை உள்ளூர்க்காரருக்கே என்பது அது. 1948 போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்று எழுந்த கோஷங்களில் ஒன்று, "இட்லி சாம்பார் கோ பேக்!" செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

சென்னை ராஜ்யத்திலிருந்து வந்த தெலுங்கரையும் தமிழரையும் ஒரே தட்டில் வைத்த கோஷம் அது. கேட்டால் நமக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் தோழர்களே, கோஷம் தவறாக இருக்கலாம், குறை நியாயமானது. சொந்த ஊரில் படித்த பிள்ளைக்குக் குமாஸ்தா வேலை இல்லை என்றால் யாருக்கு வயிறு எரியாது? நம் ஊரில் நாமும் அதைத்தானே கேட்கிறோம்?

அந்தக் குறையிலிருந்துதான் கட்சிகள் பிறந்தன. 1969 கிளர்ச்சியில் வளர்ந்த தெலங்கானா பிரஜா சமிதி, 1971 நாடாளுமன்றத் தேர்தலில் பத்து இடங்களை வென்றது. பிறகு காங்கிரஸில் கரைந்தது. தனி மாநிலம் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 2001-ல் தெலங்கானா ராஷ்டிர சமிதி வந்தது. 2014 ஜூன் 2-ல் மாநிலமும் வந்தது. 2022-ல் அக்கட்சி பெயரிலிருந்து 'தெலங்கானா'வை எடுத்துவிட்டு 'பாரத்' என்று வைத்துக்கொண்டது. 2023-ல் ஆட்சி போயிற்று. பெயர் மாறியதால்தான் போயிற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் பெயரை மாற்றும் கட்சியிடம் கொள்கையும் மாறியதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

1982-ல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கினார். தெலுங்கரின் தன்மானமே அதன் முழக்கம். ஒன்பது மாதத்தில் ஆட்சியைப் பிடித்தது. அதில் தமிழனுக்கு என்ன வேலை என்று சிலர் அன்றைக்குக் கேட்டார்கள். ஆனால் கிலோ இரண்டு ரூபாய் அரிசி வந்தபோது அரிசிக்கு மொழி இல்லை என்று தெரிந்தது. முழக்கம் வேறு, செயல் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

கட்சிகளை எடைபோட ஒரு நாளே போதும்: செப்டம்பர் 17. 1948-ல் நிஜாம் அரசு பணிந்த நாள். பாரதிய ஜனதா அதை விடுதலை நாள் என்கிறது. ராஷ்டிர சமிதி ஆட்சி 2022-ல் தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்றது; மஜ்லிஸ் கட்சியும் அந்தப் பெயரையே கேட்டது. காங்கிரஸ் அரசு 2024-ல் மக்களாட்சி நாள் என்று கொண்டாடியது. கம்யூனிஸ்டுகள் விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தை நினைவூட்டுகிறார்கள். ஒரே நாள்தான். யார் யாரைத் 'தம் மக்கள்' என்று எண்ணுகிறார்கள் என்பது அந்தப் பெயர்களில் தெரிகிறது.

சிறிய கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண் என்பார்கள். 1952-ல், தடைக்குள்ளான கம்யூனிஸ்டுகள் மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பெயரில் நின்றார்கள். நல்கொண்டாவில் ரவி நாராயண ரெட்டி நேருவைவிட அதிக ஓட்டு வாங்கினார். 2023-ல் காங்கிரஸ் 64, ராஷ்டிர சமிதி 39, பாரதிய ஜனதா 8, மஜ்லிஸ் 7, இந்தியக் கம்யூனிஸ்ட் 1. முதல் இரண்டு கட்சிகளுக்கும் ஓட்டில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான். அதே காங்கிரஸுக்கு ஹைதராபாத் மாவட்டத்தின் 15 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் எந்த ஓட்டும் சிறியதல்ல. நம்மைத் தேடி வந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே அடுத்த முறை வருகிறவரிடம், பெரிய கட்சியானாலும் சிறிய கட்சியானாலும், மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று, வேலை. 2018 ஜனாதிபதி உத்தரவுப்படி மாநில அரசுப் பணிகளில் 95 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு. பிள்ளை பள்ளியில் எங்கே படித்தான் என்பதே அதற்கு அளவுகோல். லாலாகுடாவில் பிறந்து படித்த தமிழ்ப் பிள்ளை உங்களுக்கு உள்ளூர்க்காரனா, ஓட்டு நாளில் மட்டும் உள்ளூர்க்காரனா?

இரண்டு, மொழி. இங்கே பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம். அது சரியே, வாழும் ஊரின் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்?

மூன்று, வாடகை வீட்டுக்காரன். ரேஷன் கார்டு இல்லாதவனுக்கு உங்கள் வாக்குறுதிகளில் எது எட்டும்?

பதிலை எழுதி வாங்கி எல்லாருக்கும் படித்துக் காட்டுவது சங்கத்தின் வேலை. அதற்குப் பிறகு அவரவர் மனசாட்சி. கணவன் ஒரு கட்சிக்கும் மனைவி ஒரு கட்சிக்கும் போட்டால் குடும்பம் உடையாது, சங்கமும் உடையாது. மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால்தான் உடையும்.

இங்கே வாக்காளர் பட்டியல் நகல் வைத்திருக்கிறோம். போகும்முன் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.