கீழே விரிப்பதற்கு அல்ல, போர்த்துவதற்கு!

(நமது அறக்கட்டளையின் பெண்கள் தையல் வகுப்பு நிறைவு நாளில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இன்று உங்கள் முன் ஒரு போர்வையை விரித்து வைத்திருக்கிறோம். இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

போடியில் இருந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள். ஆனால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறினால் அது வேறு நாடு. ஏலக்காய் எடுப்புக்கு விடியலில் ஜீப்பில் போகிற சகோதரிகளும், எஸ்டேட் லயன் வீடுகளில் பிள்ளைகளோடு தங்குகிறவர்களும் அந்தச் சாரலையும் குளிரையும் அறிவார்கள். அவர்களுக்காகத்தான், நீங்கள் தந்த பழைய துணிகளைத் துண்டு துண்டாக இணைத்து ஒட்டுப் போர்வை தைக்கத் தொடங்கினோம்.

அதில் ஒன்றின் மேல்துணி எங்களை ஏமாற்றிவிட்டது. கைக்கு வந்த துண்டுகளை எல்லாம் சேர்த்துவிட்டோம். ராணி கலர், மாம்பழ மஞ்சள், சந்தன கலர், இரண்டு வெள்ளைத் துண்டு, ஒரு மூலையில் மட்டும் கிளிப்பச்சை. எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டன. "இலவசமாகத்தானே கொடுக்கிறோம், குளிருக்குப் போதும்" என்று எங்களில் சிலர் சொன்னோம். மலைக்கு வேலைக்குப் போகும் ஒரு சகோதரியிடம் காட்டினோம். அவர் முகம் கோணாமல், "இருக்கட்டும்மா, கீழே விரிச்சுக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு சொல் எங்களைக் குத்தியது. நம் வீட்டில் விருந்தாளிக்கு எடுத்துக் கொடுக்கக் கூசுகிற பொருளை அவரிடம் நீட்டியிருக்கிறோம். தூக்கிப் போட்டால் அது வீண்விரயம். அப்படியே கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கௌரவக் குறைவு. மிச்சம் இருந்த வழி, அதைச் சரிசெய்வதுதான்.

முதலில் முற்றத்துக் கொடியில் போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். ராணி கலர்தான் குற்றவாளி என்று தோன்றியது. பிறகு ஒரு பிள்ளை செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துக் காட்டியது. ராணி கலர் நடுத்தரச் சாம்பலாகவும் மற்றவை வெளிர் சாம்பலாகவும் தெரிய, வெள்ளைத் துண்டுகள் பளிச்சென்று கண்ணில் அடித்தன. அடர்த்தியான நிறம் ஒன்றுகூட அதில் இல்லை. நிறம் கூடிப்போனது மட்டும் குறையல்ல. கண் தங்கி இளைப்பாற இடம் இல்லாததுதான் பெரிய குறை.

தையலைப் பிரித்தால் பழந்துணி நைந்துவிடும். ஆகவே பிரிக்கவில்லை. மேல்துணியை அப்படியே ஒரு முழச் சதுரங்களாகப் பன்னிரண்டாக வெட்டி, இடம் மாற்றி அடுக்கினோம். ஒரு பழைய கருநீலப் பருத்திச் சேலையை மூன்று விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, சதுரங்களுக்கு நடுவிலும் நாலு ஓரத்திலும் வைத்துத் தைத்தோம். சண்டை பாதி அடங்கியது.

வெள்ளைத் துண்டுகள் மேல் தேயிலைச் சாயம் ஏற்றிய வேட்டித் துணியை வைத்துத் தைத்தோம். பருத்தி தேயிலைச் சாயத்தைப் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. அந்தச் சாயமும் கழுவக் கழுவ வெளிறும் என்பதை நினைவில் வையுங்கள்.

தனியாக நின்ற கிளிப்பச்சைக்கு ஒரு வழி வேண்டும். அப்போது கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அவர்களில் உண்டு. எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு பக்கம் வாழ்கிறார்கள். 'கவந்தி' என்ற ஒட்டுப் போர்வையை அவர்கள் கையாலேயே தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்துக்கொண்டே, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி நூலோட்டுவார்கள். எத்தனை நிறம் சேர்ந்தாலும் அந்த நூல்வரிசை அத்தனையையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். மூலைகளில் 'பூலா' என்று மடித்த துண்டுகளை வைப்பார்கள். பூ என்று பொருள். அது இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை.

நாங்களும் அதே கிளிப்பச்சையில் நாலு மடிப்புப் பூ செய்து நாலு மூலையிலும் வைத்தோம். ஒரே இடத்தில் கறையாகத் தெரிந்த நிறம், ஐந்து இடத்தில் வந்ததும் அலங்காரம் ஆகிவிட்டது. உள்ளே இரண்டு சேலை மடித்து வைத்து, கருநீல நூலால் ஓரத்திலிருந்து நடுவரை சுற்றி ஓட்டி முடித்தோம்.

அதே சகோதரியை மறுபடி அழைத்தோம். எதுவும் சொல்லவில்லை; எடுத்துத் தோளில் போர்த்திப் பார்த்தார். இன்றைய நிகழ்ச்சி முடிந்ததும் இது அவர் வீட்டுக்குப் போகிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியாகப் பார்த்துக் கொடுங்கள். வெளிர் நிறம் நிறைய வருகிறது. அடர்ந்த நிறச் சேலைகளையும் சேர்த்துக் கொடுங்கள். தைக்கத் தெரிந்த தாய்மார்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து எங்களோடு உட்காருங்கள்.

நம் வீட்டில் நாம் போர்த்திக்கொள்ளத் தயங்குவதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.