மூன்று மாதம் என்றார்கள்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)

வளைவுப் பாதையில் தலைசுற்றலைப் பொறுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறீர்கள். எங்கள் நோயாளிகள் படும் பயணப் பாட்டை இனி நாங்கள் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

புற்றுநோயிலிருந்து பிழைத்த ஒரு வியாபாரியைப் பற்றி இன்று பேசப்போகிறோம். அவர் அமெரிக்கர். சாமையும் புளியும் தேனும் விளையும் இந்த மலையில் அவர் கதை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பாட்டி கேட்ட கேள்விதான் காரணம்.

சென்ற மாதம் எங்கள் நர்சம்மா ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிருந்தபோது, மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆனபின் மறுபடி இரத்தம் படுவதாக அந்தப் பாட்டி சொன்னார். பரிசோதனையில் அது கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. என்ன சிகிச்சை, எங்கே, எத்தனை நாள், எந்தப் பஸ் என்று நர்சம்மா அரைமணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பாட்டி கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த நோவு வந்து யாராச்சும் பொழச்சிருக்காங்களாம்மா?"

பிழைத்திருக்கிறார்கள். ஆனால் இதோ இவர்தான் என்று காட்ட அன்று எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கான்சாஸ் சிட்டி என்றொரு நகரம். அங்கே 1955-இல் ஹென்றி, ரிச்சர்ட் என்ற அண்ணன் தம்பி இருவர், ஜனங்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். குடும்பப் பெயர் பிளாக். அதன் எழுத்தைப் பார்த்து மக்கள் தவறாக உச்சரிப்பார்களே என்று, கடைப் பலகையில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். வியாபாரிக்கு வாடிக்கையாளர் நாக்கு முக்கியம்! தொழில் நாடெங்கும் பரவியது.

1978-இல் தம்பி ரிச்சர்டுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை, மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் அதை ஏற்கவில்லை. ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் இன்னொரு அபிப்பிராயம் கேட்டார். கதிர்வீச்சு, மருந்து, அறுவை என்று கடுமையான சிகிச்சை. இரண்டு ஆண்டு கழித்து உடலில் நோய் இல்லை என்றார்கள்.

பணக்காரருக்கு வைத்தியம் கிடைத்தது, பிழைத்தார், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பிழைத்த பிறகு அவர் செய்தவைதான் எங்களைத் தொட்டன.

1980-இல் தம் ஊரில் ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார். புதிதாகப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டுக் கலங்கிக் கூப்பிடுகிறவரோடு, அதே வகை நோய் வந்து சிகிச்சை பெற்ற ஒருவர் பேசுவார். டாக்டர் அல்ல, போதகரும் அல்ல; அந்த வழியில் நடந்த ஒருவர். அந்தப் பாட்டியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து, அறுவை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர் எல்லாரும் ஒரே அறையில் நோயாளியோடு உட்கார்ந்து ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்தார். அதற்குக் கட்டணம் கிடையாது. 1982-இல் கம்பெனியில் தமக்கிருந்த பங்கை விற்றுவிட்டார். அதே ஆண்டு அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் ஆலோசனைக் குழுவில் ஜனாதிபதி ரீகன் அவரை நியமித்தார். எந்த நோய்க்கு எது சிறந்த சிகிச்சை என்பதைச் சிற்றூர் டாக்டரும் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே விடாமல் வற்புறுத்தினார். 1984-இல் அது செயலுக்கு வந்தது. மனைவி ஆனெட்டோடு சேர்ந்து புத்தகங்கள் எழுதி, கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

பிறகு பூங்காக்கள்! அவர் அறக்கட்டளை அமெரிக்காவிலும் கனடாவிலும் 20-க்கும் மேற்பட்ட நகரங்களில், புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களின் பெயரால் பூங்கா அமைக்கப் பணம் கொடுத்தது. மெக்சிகோ சிற்பி விக்டர் சல்மோனெஸ் வடித்த எட்டு உருவங்களை அங்கே காணலாம். ஐந்து பேர் பயத்தோடு ஒரு வாசலுக்குள் போகிறார்கள். மூன்று பேர் மகிழ்ச்சியோடு வெளியே வருகிறார்கள்.

இடையில் அவருக்குக் குடலிலும் புற்றுநோய் வந்தது. அதிலும் பிழைத்தார். 2004-இல் எழுபத்தெட்டாம் வயதில் இறந்தபோது இருதயம்தான் காரணம். மூன்று மாதம் என்றது 26 ஆண்டுகளாயிற்று.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. மனத்தைரியத்தை அவர் மிகவும் வலியுறுத்துவார். தைரியம் நல்லதுதான். ஆனால் வேதனையில் இருப்பவரிடம், உமக்குத் தைரியம் போதாது, அதனால்தான் குணமாகவில்லை என்ற பொருள்பட ஒருபோதும் பேசக்கூடாது. விசுவாசத்தைப் பற்றியும் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அது நோயாளியை இரண்டு முறை அடிப்பதாகும். நன்றாகப் போராடியும் மரித்தவர்களை நாங்கள் அடக்கம் செய்திருக்கிறோம். அவர்கள் தோற்றவர்கள் அல்ல.

இந்த மலைக்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம். அதற்குமேல் உள்கதிர்வீச்சும் உண்டு. அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. ஆனால் அத்தனை நாள் கீழே எங்கே தங்குவது? ஆட்டை யார் பார்ப்பது? சாமை அறுவடை வந்துவிட்டால்? கொஞ்சம் சுகம் கண்டதும் பாதியில் மலையேறிவிடுகிறார்கள். இடையில் நிறுத்தினால் குணமாகும் வாய்ப்பு குறைகிறது. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை, சத்திரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டான். உங்களிடம் நாங்கள் கேட்பது அந்தச் சத்திரத்துச் செலவைத்தான்: நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு வாடகை அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, பஸ் கட்டணம்.

துணைக்கு வருபவர் யார் என்பதில்தான் அந்த வரிக்கணக்கு வியாபாரியிடம் நாங்கள் பாடம் கற்றோம். முன்பு சிகிச்சை முடித்து இன்று நலமாக இருக்கும் மலைப்பெண்களைத் தேடிப் போனோம். சிலர் மறுத்தார்கள், அந்த நோயின் பெயரைக்கூடக் கேட்க விரும்பவில்லை. அதில் தவறில்லை. இருவர் சம்மதித்தார்கள். ஒருவர் அறுவடை முடிந்ததும் வருகிறார். மற்றவர் போன வாரமே பாட்டியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "எனக்கும் இதே நோவுதான் பெரியம்மா. நானும் பயந்துகிட்டுதான் போனேன்" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை காலை இருவரும் இறங்குகிறார்கள். உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.