கேட்டதும் வாசித்ததும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் சிலர் சேர்ந்து வாசித்த ஒரு நூலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் கிறீனின் 'த அந்த்ரோபொசீன் ரிவியூட்'. 2018இல் பொட்காஸ்ற் தொடராகத் தொடங்கி, 2021இல் கட்டுரை நூலாக வந்தது. பேச்சு நூலாவது நமக்குப் புதிதல்ல. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் வானொலிப் பேச்சான 'இன்று ஒரு தகவல்' அப்படி நூலானதுதான். ஆனால் கிறீன் தகவலோடு தம் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்கிறார்.

கடையில் வாங்கிய சாமானுக்குக் கொடுப்பதுபோல, உலகத்துப் பொருள்களுக்கெல்லாம் ஐந்து நட்சத்திரக் கணக்கில் மதிப்பெண் போடுகிறார். கொள்ளைநோய்க்கு ஒன்று. கனடா வாத்துக்கு இரண்டு. அதுவே கூடுதல் என்கிறார்கள் ரொறன்ரோச் சகோதரிகள். சூரியன் மறையும் காட்சிக்கு முழுதாக ஐந்து. வாசிக்கும்போதே நாங்களும் தொடங்கிவிட்டோம். பிரெட்ரிக் கோட்டை மான்களுக்கு நான்கு. சாப்பாட்டுப் பொதியை மணந்துகொண்டு வருவதால் ஒன்று குறைத்தோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் ஐந்து. உட்துறைமுக வீதியின் மாலைக் காற்றுக்கு ஐந்து போதாது.

சிரித்துக்கொண்டே வந்த நாங்கள் ஒரு கட்டுரையில் நின்றுவிட்டோம். கிறீன் இளவயதில், சிறுவர் மருத்துவமனை ஒன்றில் நோயாளருக்கு ஆறுதல் சொல்லும் பயிற்சிக் குருவாக இருந்தார். கடும் தீக்காயத்துடன் ஒரு பிள்ளை வந்தது. அது பிழைத்ததா என்று அவருக்குத் தெரியாது. பெயர் தெரியும், இணையத்தில் தேடலாம். ஆனாலும் பல ஆண்டுகள் தேடப் பயந்தார். கடைசியில் தேடினார். பிள்ளை வளர்ந்து இளைஞனாகியிருந்தான்.

திருகோணமலையில் படித்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. யுத்தமும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடலும் நம்மில் எத்தனை பேரைப் பிரித்துவிட்டன! பக்கத்து வாங்கில் இருந்தவளின் பெயரை நாம் இன்னும் தேடிப் பார்க்கவில்லை. தேடாதவரை அவள் எங்கோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் பெயர்களும் கட்டடம் எழுந்த ஆண்டுகளும் வந்துவிடும். மாணவியரின் குரல் வருவதில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். எங்கிருந்தாலும் கைபேசியில் ஐந்து நிமிடம் பேசி அனுப்புங்கள். பள்ளிக்காலத்தின் ஒரு சிறு பொருள் போதும்: காலை மணி, கிணற்றடி, கன்ரீன் வடை. நட்சத்திரமும் போடுங்கள். முடிவில், நீங்கள் தேடத் தயங்கும் ஒரு தோழியின் பெயரைச் சொல்லுங்கள். தனியாகத் தேடுவதுதான் பயம், சேர்ந்து தேடலாம். வரும் பேச்சுகளை எழுத்தாக்கி நூலாக்க நாங்கள் பொறுப்பு.

முதல் ஒலிப்பதிவை இன்றே மண்டபத்து வாசலில் தொடங்குகிறோம். மூத்த அக்காமார் முன்னால் வாருங்கள்.