மோட்டார் நுழையாத மலை

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு வாரம் முழுவதும் காதில் ஓயாது விழுவது மோட்டார் இரைச்சலேயாகும். அக்கடலின் நடுவே ஒரு தீவைப் போல் அமைந்திருக்கிறது மாதேரான் மலை. மும்பையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; உயரம் சுமார் 800 மீட்டர். சனிக்கிழமை காலையில் புறப்பட்டால் ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம்.

1850 ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த மாலெட் என்பவர் இம்மலைமீது ஏறிப் பார்த்தார். அதன் பிறகே இது கோடை வாசஸ்தலமாயிற்று. அடிவாரத்து நேரலிலிருந்து 2 அடி அகலமுள்ள இருப்புப் பாதையைப் பீர்பாய் குடும்பத்தார் 1907 இல் அமைத்து முடித்தனர். மோட்டார் வண்டிகளோ தஸ்தூரி நாகாவில் நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் மர நிழலும் செம்மண் பாதையுந்தான். நடந்தோ குதிரையேறியோ செல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். முழங்கால் வலியால் அவரால் நடக்க இயலவில்லை. ஆகவே கைரிக்ஷா ஒன்றை அமர்த்தினேன். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ளினர். மேட்டில் ஏறுகையில் அவர்கள் மூச்சிரைப்பது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. “இறங்கிவிடுகிறேனடா. இன்னொருவர் மூச்சை வாங்கியா நான் மலை பார்க்க வேண்டும்?” என்றார் அம்மா. இழுத்தவரிடம் அதை மராத்தியில் சொன்னேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இறங்கிவிட்டால் எங்கள் கூலிக்கு என்ன வழி?” என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. என்னிடந்தான் விடை இல்லை.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்விடையை அளித்தது. மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், இழுத்து வந்தவர்க்கே மின்கலத்தால் ஓடும் ரிக்ஷாக்களை அளித்து மறுவாழ்வு தர வேண்டும் என்றும் அது பணித்தது. அம்மாவின் கேள்வி, தொழிலாளியின் கேள்வி இரண்டுக்கும் அதில் பதில் உண்டு.

மலையின் அமைதி காக்கப்பட வேண்டியதே. ஆயினும் அதன் விலையை ஒருசிலர் தோள்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்து இந்நகரில் மூட்டை சுமந்தோர் நம் முன்னோரிலும் பலர். இதை நமக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாதேரானுக்குச் செல்வீராயின், கால் உள்ளவரை நடந்து செல்லுங்கள், மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள், சுமப்பவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள்.