கிண்டிப் பூங்காவும் நமது கடமையும்
(ஈக்காட்டுத்தாங்கல் கிளைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

நம் பேட்டைக்கு வெகு சமீபத்திலுள்ள கிண்டிக் குதிரைப் பந்தய நிலத்தை அரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டு, அதில் 118 ஏக்கரில் பூங்கா அமைப்பதாக அறிவித்தனர்.

தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குப் பெயர். பெயர் நிற்க, நீருக்கு இடமில்லாமற் போயிற்று. 2015 டிசம்பரில் அடையாறு நம் வீதிகளுட் புகுந்ததை மறந்தவர் யார்? ஆதலின் அப்பூங்காவில் முதலிடம் மழைநீர் தங்கும் குளங்களுக்கும், அடுத்த இடம் நம் சிறுவர் சிறுமியர் ஓடியாடும் திறந்த வெளிகளுக்கும் உரியன.

அமைப்பதினும் காப்பது அரிது. 1859-இல் கவர்னர் டிரெவெலியன் முயற்சியால் எழுந்த பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர் விஸ்தீரணமுடையது. அந்நிலத்தில் விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கமும் வந்தது. ஒவ்வொன்றும் நற்காரியமே, ஒவ்வொன்றும் சிறிது நிலமே கேட்டது. முடிவில் பூங்காவைக் காணோம்!

நம்மவருள் சிலர், நம் குலப் பெரியாருக்கு அங்கே ஒரு சிலையும் மண்டபமும் கேட்கவேண்டுமென்கின்றனர். அன்பர்களே, அது தகாது. நாம் கேட்டால் பிறரும் கேட்பர்; கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் குழந்தைகளுக்கு எஞ்சுவது யாது? எக்கட்டடமும் அவ்வெல்லையைக் குறைக்கலாகாது, எவ்வகுப்பார்க்கும் வாயில் அடைபடலாகாது என்பதே நமது விண்ணப்பமாகுக. நமக்கென ஒன்றும் கேளாமையே நம் சங்கத்துக்குப் பெருமை என்று கூறி அமர்கின்றேன்.