எழுபத்தேழாந் தகடு

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடிதத்தில் ஒட்டும் முத்திரையைப் பற்றிக் கேட்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதா என்று முன்வரிசையில் இருப்போர் எண்ணக்கூடும். மிஷன் பாடசாலை விடுதியில் இருந்த நாளில் நாமும் முத்திரை சேர்ப்போரைப் பரிகாசம் பண்ணியதுண்டு. எம் பேரனாருடைய அல்பத்திலே இருக்கும் ஒரு சிறு சிவப்பு முத்திரைதான் எம்மை மாற்றியது. அதன் கதையைச் சொல்லுமுன் தகடு என்பது என்னவென்று சொல்லியாக வேண்டும்.

உலகின் முதல் ஒட்டும் தபால் முத்திரை 1840 மே 6ஆம் திகதி பிரித்தானியாவில் வழக்குக்கு வந்தது. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த கறுப்புப் பென்னி அது. மிருதுவான உருக்குத் துண்டிலே ஒரே ஒரு தலையைச் செதுக்கினர். அத்துண்டைக் கடினமாக்கி, அதன்மேல் உருக்கு உருளையொன்றைப் பேரழுத்தத்தோடு உருட்டினர். உருவம் உருளையில் ஏறியது. பின் உருளையையும் கடினமாக்கி, பெரிய தகடொன்றில் 240 முறை பதித்தனர். அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்னி. வரிசைக்கு 12 முத்திரை ஒரு ஷிலிங். 20 வரிசை ஒரு பவுண். தபாற் கந்தோர்க் கிளாக்கருக்குக் கணக்கு எவ்வளவு இலகு பாருங்கள்! இலங்கையின் முதல் முத்திரையாகிய 1857ஆம் ஆண்டு ஆறு பென்சு முத்திரையையும் இலண்டன் பேர்க்கின்ஸ் பேக்கன் என்னும் அதே கம்பனியாரே அடித்து அனுப்பினர்.

உருளை 240 தலைகளையும் ஒன்றுபோலவே பதிக்கும். ஆயினும் ஒவ்வொரு முத்திரையின் கீழ் மூலைகளிலும் இவ்விரண்டு எழுத்துக்கள் உண்டு. முதல் முத்திரைக்கு ஏ-ஏ, கடைசிக்கு ரி-எல். இவற்றைத் தொழிலாளி ஒருவன் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தான். மனிதனுடைய கையல்லவா? ஓர் எழுத்துச் சாய்ந்தது, ஒன்று இடம் விலகியது. துளையில்லாத பழைய சிவப்பு முத்திரைகளின் 77ஆந் தகட்டில், இரண்டாம் வரிசையின் முதல் முத்திரைக்குப் பி அடித்தவன் அடுத்த ஏயை மறந்தே போனான். அந்த மூலை வெறுமையாக இருக்கிறது. பதிவு தேய்ந்த இடத்தில் உருளையை மீண்டும் உருட்டியபோது, பழைய கோட்டின் அருகே புதிய கோடு விழுந்து இரட்டைக் கோடாயிற்று. இப்படியான அடையாளங்களைக் கொண்டு, தனியாய்க் கிழித்தெடுத்த ஒரு முத்திரை எந்தத் தகட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று இன்று சொல்லிவிடுகிறார்கள். கறுப்புப் பென்னிக்குத் தகடுகள் 11. பதினோராவது சிவப்பு முத்திரைக்கென்று செய்யப்பட்டது. அதில் கறுப்பில் அடித்த தாள்கள் சிலவே. ஆகையால் அதற்கு மதிப்பு அதிகம்.

புதிய மூல அச்சுச் செய்தபோது தகட்டெண்களும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் 77 என்ற எண் இரண்டாந்தரமும் வந்தது. எம் கதை இந்த இரண்டாவது 77 பற்றியது. 1864இல் வெளிவந்த சிவப்புப் பென்னியிலே நான்கு மூலையிலும் எழுத்து. இரு பக்கச் சித்திர வேலைக்குள்ளும் தகட்டெண் மிகப் பொடியாக. 71 முதல் 225 வரை எண்கள் செல்கின்றன. ஆனால் 77ஆந் தகட்டிலே தலைகள் துளையிடும் பொறிக்கு ஏற்றபடி ஒழுங்காய் அமையவில்லை. தகட்டைத் தள்ளிவிட்டனர். எப்படியோ அதிலிருந்து சில முத்திரைகள் வெளியே சென்றுவிட்டன. இன்று அறியப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒன்றின் விலை பல இலட்சம் பவுண்.

எம் பேரனாரின் முத்திரையில் 77 என்று இருந்தது. இளமையிலே ஒருவரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினாராம். "தம்பி, கஷ்டம் வந்தால் அது இருக்கு" என்று அவர் சொல்வதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். சென்ற மாரியில் வீட்டுக் கூரை ஒழுகியபோது, அதை விற்கலாமா என்ற பேச்சு வந்தது. பல்கலைக்கழகத்து நண்பரொருவரின் நல்ல பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு போனோம்.

வலப்பக்கத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இடப்பக்கத்தில், முதல் ஏழுக்கு முன்னால் கடதாசியின் நார் சிறிது எழும்பி நின்றது. அதன் அடியில் ஒன்று என்ற இலக்கத்தின் கால்! சாதாரணமான 177ஆந் தகட்டு முத்திரையை எடுத்து, கூரிய கத்தியால் ஒன்றைச் சுரண்டியிருக்கிறார்கள். இது பழைய தந்திரமென்று பிறகு புத்தகங்களில் வாசித்தோம். சுரண்டியவன் கெட்டிக்காரன்தான், ஒரு பக்கத்தில் மாத்திரம் அவசரப்பட்டுவிட்டான்.

பேரனாருக்குச் சொல்வதா, விடுவதா? இரண்டு நாள் சொல்லாமல் திரிந்தோம். கூரை வேலைக்கு விலை கேட்க அப்பா புறப்பட்டபோது சொல்லவேண்டியதாயிற்று. பேரனார் கண்ணாடியை வாங்கித் தாமே நெடுநேரம் பார்த்தார். "வித்தவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கும்" என்றார். பிறகு அல்பத்தின் அந்தப் பக்கத்திலே 77க்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு 177 ஆக்கினார். கூரை கடன்பட்டுத்தான் திருத்தப்பட்டது.

அல்பத்தை அவரது அனுமதியோடு இங்கே கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்தபின் விரும்புவோர் மேசையடிக்கு வந்து கண்ணாடியால் பார்க்கலாம். இடப்பக்கத்தை முதலில் பாருங்கள்.